வெள்ளத்துல சாஞ்ச வேம்பும் வாகையும்: மச்சுக்குத் தரைப்பலகை போடலாமா?

பொருநைக்கரை | 2024 ஜனவரி 7

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு சீவலப்பேரிக்குப் பக்கத்து ஊர். டிசம்பர் 17, 18 வெள்ளத்துல புறவாசல் வேப்பமரமும் கிணத்தடி வாகையும் வேரோட சாஞ்சிட்டு. வேம்பு எங்க ஆச்சி வச்ச மரம். விறகு வியாபாரி ரெண்டுக்கும் சேத்து ஒரு விலை சொல்லிட்டுப் போயிருக்காரு. குடுக்க மனசு வரலை.

அன்னைக்கு ராத்திரி தார்சாவுல இடுப்பளவு தண்ணி. வீட்டுல ஏழு பேரும் விடியுமட்டும் மேல் அறையான மச்சுலதான் இருந்தோம். அந்த மச்சுப் பலகை மூணு இடத்துல செல் அரிச்சு, கால் வச்சா அமுங்குது. 8க்கு 10 அடி அறை. கீழ தாங்குற பனங்கை, அதான் பனைமரச் சட்டம், எல்லாம் கருகருன்னு வைரமா இருக்கு, பலகைதான் போயிட்டு. சாஞ்ச மரத்தை அறுத்து இதுக்குத் தரை போடணும், மிச்சத்துல ஒரு மேசையும் பெஞ்சும் பண்ணணும்னு ஆசை. வேம்பு சுத்தளவு 5 அடி, நேரா 9 அடி தேறும். வாகை சுத்தளவு 6 அடி, நீளம் 7 அடி. அறுத்த கையோட ஆசாரியை வரச் சொல்லலாமா? இல்ல, காயப் போடணுமா? எத்தன நாள்?

உளிச்சத்தம் | 2024 ஜனவரி 7

அக்கா, விறகுக்குக் குடுத்துராதீங்க. மில்லுல தடியை அளக்குறது கால் சுத்தளவுக் கணக்கு. சுத்தளவை நாலால வகுத்து, அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கணும். வேம்பு ஒண்ணேகால் அடி, ஒண்ணேகால் அடி, 9 அடி. 14 கன அடி வரும். வாகை 15¾ கன அடி. இந்தக் கணக்குல பட்டையை ஒட்டின முதுகுச் சிலாம்பும் வளைவும் கழிஞ்ச மாதிரிதான், ஆனாலும் அறுவையில இன்னும் போகும். வேம்புல 9 கன அடி பலகை கைக்கு வந்தா நல்ல தடின்னு வச்சுக்கிடுங்க. 80 சதுர அடிக்கு ஒண்ணேகால் அங்குலப் பலகை 8⅓ கன அடி வேணும், சேதாரம் சேத்தா பத்து. வேம்பு மட்டும் கட்டாது. சுவர் ஓரமா வாகையில ஒரு பார்டர் குடுத்தா சரியா வரும், பாக்கவும் அழகா இருக்கும்.

இப்பமே செய்ய வேண்டியது ரெண்டு. தடி சகதியில கெடக்கக் கூடாது, அடியில ரெண்டு கட்டையைக் குடுத்துத் தூக்கி வைங்க. ரெண்டு வெட்டு முகத்துலயும் மிச்சப் பெயிண்ட் எதுவா இருந்தாலும் கட்டியா அப்புங்க. எங்க தாத்தா சாணியைக் குழைச்சுப் பூசுவாரு. மரத்துல தண்ணி நீளவாக்குலதான் வேகமா ஓடும். முனை முந்திக் காஞ்சா அங்கயிருந்துதான் வெடிப்பு உள்ள ஏறும்.

இன்னொண்ணு. புறவாசல் வேம்புன்னா கொடிக்கயிறு கட்ட, தொட்டில் கட்டன்னு யாராவது ஆணி அடிச்சிருப்பாங்க. பட்டைக்குள்ள மூடிப் போயிருக்கும். காந்தம் வச்சுத் தடவிப் பாத்துட்டு மில்லுக்கு ஏத்துங்க. வாள் பல்லு போச்சுன்னா காசு உங்க தலையில. ஆளுக்கும் ஆபத்து.

களக்காடன் | 2024 ஜனவரி 8

நான் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வேம்பு முறுக்கும், வாகையில வெள்ளை, அதான் வைரம் ஏறாத வெளிப்பகுதி, அதிகம். ஒரு வருஷம் வீட்டுல பலகையை அடுக்கி வச்சுக் காத்துக்கிடக்கிறதுக்குப் பதிலா ரெண்டையும் வித்துட்டு, மரவாடியில நல்ல பர்மா தேக்கு வாங்குங்க. இல்லாட்டி பிளைவுட். ஒரு வாரத்துல வேலை முடிஞ்சிரும்.

மானூர்க்காரி | 2024 ஜனவரி 8

களக்காடன் அண்ணாச்சி, அந்த ‘பர்மா தேக்கு’ வார்த்தையை நம்பித்தான் நான் மோசம் போனேன். மியான்மர் 2014 ஏப்ரல் 1-லிருந்து உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்திட்டு. தூத்துக்குடித் துறைமுகத்துல வந்து எறங்குற தேக்கு ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காத் தோட்டத் தேக்கு நெறைய. அதுலயும் நல்லது உண்டு. ஆனா இளமரமா இருந்தா பாதி வெள்ளை. சாயம் ஏத்தி வித்தா நமக்குத் தெரியாது.

ஒரு கடையில வாங்கின சாப்பாட்டு மேசை, வந்த வருஷம் ஆடிக் காத்துல நடுப்பலகை ‘டப்’புனு சத்தம் கேட்டு ரெண்டா வெடிச்சிட்டு. தேக்கு மேல குத்தம் இல்ல. ஈரப் பலகையை மேசைச் சட்டத்துல நாலு பக்கமும் பசையும் திருகும் போட்டு இறுக்கியிருந்தாங்க. பலகை சுருங்கணும், சட்டம் விடலை, பலகை கிழிஞ்சிட்டு. அதுக்குப் பொறவுதான் நானே உளி எடுத்துப் படிச்சேன். எந்த மரம்ங்கிறது ரெண்டாவது கேள்வி, எவ்வளவு ஈரத்துல இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி. காஞ்ச வேம்பு, ஈரத் தேக்கை விட ஆயிரம் பங்கு மேல்.

செக்கடித்தெரு | 2024 ஜனவரி 9

அறுபது வருஷமா மரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன், ரெண்டு வார்த்தை சொல்லுதேன்.

நம்ம பக்கத்துல ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலைன்னு பெரியவங்க வகுத்து வச்சிருக்காங்க. வேம்பு நிலைக்கும் கதவுக்கும் பெட்டிக்கும். அந்தக் கசப்புக்குப் பூச்சி அண்டாது. வேம்புப் பெட்டியில பட்டுச்சேலை வைக்கிறது அதுக்குத்தான். வாகை செக்குக்கு. உரலுக்குள்ள உலக்கை சுத்துற உராய்வையும் எண்ணெயையும் தாங்குத மரம் தரையில காலடிக்கு அசையுமா? கருவேலம் கலப்பைக்கும் வண்டிக் குடத்துக்கும். புளி கறிக்கடை வெட்டுக்கட்டைக்கு. வைரம் கொஞ்சம்தான் இருக்கும், வீட்டுச் சாமானுக்கு ஆகாது. பூவரசு வண்டிக்கும் படகுக்கும், பலகையா அறுத்தா பீரோவுக்கும் அருமையான மரம். நிறம் சாக்லேட் மாதிரி, முறுக்கு கம்மி. நேர்த்தடிதான் கிடைக்காது. தேருக்கு இலுப்பையும் வேங்கையும். வெயிலும் மழையும் தேர்முட்டியில நின்னு வாங்குற மரம் அது. பலா தவிலுக்கு. மஞ்சக் கடம்பு அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு. கடைசல் பட்டறையில கட்டை சுத்துத போதே அரக்குக் குச்சியை அழுத்துவாங்க, சூட்டுல உருகி மரத்தோட மரமா ஒட்டிக்கிடும்.

பனை எல்லாத்துக்கும் நேர்மாறு. மத்த மரத்துக்கு வைரம் உள்ள இருக்கும், பனைக்கு வெளிய. உங்க மச்சுப் பனங்கை நல்லா இருந்தா அதை மாத்தாதீங்க. இன்னைக்குப் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும், அந்த மாதிரி முத்தின கை திரும்பக் கிடைக்காது.

மரத்தைத் தேய்பிறையில, அமாவாசையை ஒட்டி வெட்டணும். வெட்டின தடியைக் குளத்துல முங்கப் போட்டு மூணு மாசமாவது ஊற வைக்கணும். அப்பத்தான் வண்டு விழாது. உங்க மரம் தானா சாஞ்சது. நாள் பாக்க வழியில்ல, ஊறவாவது போடுங்க.

ஈரமானி | 2024 ஜனவரி 10

வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன், இப்போது பெங்களூரில் வேலை. மரம் உலர்த்துவதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. செக்கடித்தெரு அண்ணாச்சி சொன்னதில் ஊறப்போடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மரத்தைப் பொடியாக்கும் வண்டு தேடி வருவது வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்தை. தண்ணீரில் கிடக்கும்போது அந்தச் சத்து கரைந்தும் புளித்தும் குறைகிறது. வைரத்தில் மாவுச்சத்து கிடையாது, அதனால் வண்டு வைரத்தை விட்டுவிடும். அமாவாசைக் கணக்குக்கு இப்படி ஒரு காரணத்தை என்னால் காட்ட முடியவில்லை. அதை நம்புகிறவரை மறுத்துப் பேசவும் நான் வரவில்லை.

ஆனால் இந்த மரம் ஏற்கெனவே வெள்ளத்தில் கிடந்த மரம். இனியும் தடியாக வைத்தால் முனை வெடிக்கும், பூஞ்சை ஏறி நீலம் பாயும். என் யோசனை: உடனே அறுங்கள். வேம்பில் வெள்ளையைக் கழித்துவிடுங்கள். வாகையில் வெள்ளை அதிகம், முழுதும் கழித்தால் நட்டம் என்றால் பச்சைப் பலகையாக இருக்கும்போதே வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும் மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் கலந்து, வெந்நீரில் பத்து சதவீதக் கரைசலாக்கி இரண்டு முகத்திலும் தாராளமாகப் பூசுங்கள். கையுறை அவசியம். பூசிய பலகைகளை ஒட்டி அடுக்கி, பாலித்தீன் தாளால் இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஈரம் இருக்கும்போதுதான் உப்பு உள்ளே இறங்கும், காய்ந்த பலகையில் மேலோடு நின்றுவிடும். தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறும் மருந்து இது, ஆகவே வீட்டுக்கு உள்ளே இருக்கும் சாமானுக்கு மட்டும்.

மரத்தின் நட்டநடு மையம் வரும் பலகையைத் தரைக்கோ மேசைக்கோ எடுக்காதீர்கள். அது எப்படியும் வெடிக்கும். நடுவைத் தனியே கட்டையாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மானூர்க்காரி | 2024 ஜனவரி 10

வாகையை அறுக்கும்போது மூக்கைக் கட்டிக்கோங்க அக்கா. அந்தத் தூள் தும்மலா வரும், நிக்கவே நிக்காது. நான் முகமூடி இல்லாம ஒரு நாள் இழைச்சுட்டு ராத்திரி பூரா தூங்கலை.

பொருநைக்கரை | 2024 ஜனவரி 21

அறுத்தாச்சு. உளிச்சத்தம் தம்பி சொன்னது ரொம்பச் சரி, வேம்புக்குள்ள மூணு ஆணி. ஒண்ணு நான் பள்ளிக்கூடம் போற காலத்துல ஊஞ்சல் கட்டினது. அதைச் சுத்தி மரம் கறுத்துப் போயிருக்கு. ஒண்ணேகால் அங்குலப் பலகைதான் பெரும்பாலும், மேசைக்கு வாகையில ரெண்டு அங்குலம். கவட்டைப் பக்கம் ஒரு கட்டையை 4 அங்குல கனத்துல விட்டுட்டேன், பெஞ்சுக் காலுக்கு ஆகும். வாகைக்கு வெங்காரமும் பூசியாச்சு. வேம்புப் பலகையை இப்ப எப்படி அடுக்க?

உளிச்சத்தம் | 2024 ஜனவரி 21

ஆணியைச் சுத்தி கறுத்தது அழுகல் இல்லக்கா. மரத்துல இருக்க துவர்ப்பும் இரும்பும் சேந்தா கறுக்கும். கருவேலத்துல இன்னும் மோசமா இருக்கும். அதனாலதான் நல்ல வேலைக்குப் பித்தளைத் திருகு.

அடுக்குறதுக்கு நிழல் வேணும், காத்து வேணும். வெயில் படவே கூடாது. மாட்டுத் தொழுவம் மாதிரி மேல கூரையும் பக்கம் திறப்புமா இருக்க இடம் உத்தமம். தரையிலிருந்து ஒண்ணரை அடி உசரத்துல செங்கல்லோ கல்லோ வச்சு, அது மேல மட்டம் பாத்து மூணு குறுக்குக் கட்டை. ரசமட்டம் வச்சே பாருங்க, அடுக்கு எப்படிக் கோணியிருக்கோ பலகையும் அப்படியே கோணிக் காயும். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல ஒரு அங்குலச் சதுர ரீப்பர் கட்டை, ஒண்ணரை அடிக்கு ஒண்ணு. எல்லா ரீப்பரும் மேலயிருந்து கீழ வரை ஒரே நேர்க்கோட்டுல நிக்கணும். ரீப்பர் காஞ்ச மரமா இருக்கணும், பச்சை ரீப்பர் வச்ச இடத்துல பலகையில தடம் விழும். பலகைக்குப் பலகை பக்கவாட்டுலயும் ரெண்டு விரல் சந்து. மேல பாறாங்கல்லோ பழைய ஆட்டுக்கல்லோ ஏத்தி வைங்க. கனம் இருந்தா முறுக்காது.

ஈரமானி | 2024 ஜனவரி 22

அடுக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. இதைச் செய்தால் ‘காய்ந்துவிட்டதா’ என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு வேம்புப் பலகையில், முனையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டு அடி நீளத் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். அதை ஒட்டியே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு கீற்றையும் அறுங்கள். கீற்றை உடனே கிராம் தராசில் நிறுங்கள். பிறகு 100 முதல் 105 டிகிரி சூட்டில் கேக் அடுப்பில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை மணிக்கொரு முறை நிறுங்கள். ஆள் கூடவே இருக்க வேண்டும். முதல் எடையிலிருந்து கடைசி எடையைக் கழித்து, கடைசி எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈர சதவீதம்.

பெரிய துண்டின் இரண்டு முனைக்கும் பெயிண்ட் அடித்து, நிறுத்து எழுதி, அடுக்கின் நடுவில் எளிதாக உருவி எடுக்கும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்தால் போதும். மற்றதைக் கணக்கு சொல்லும்.

ஏன் இந்தப் பாடு? மரத்தின் துளைகளில் இருக்கும் தண்ணீர் முதலில் போகும், அதுவரை மரம் சுருங்காது. 30 சதவீதத்துக்குக் கீழே வரும்போது நாரின் சுவரில் இருக்கும் ஈரம் போகத் தொடங்கும். சுருக்கம், கோணல், வெடிப்பு எல்லாம் அந்த எல்லைக்குக் கீழேதான். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை குழிகிறது. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம்.

பொருநைக்கரை | 2024 ஜனவரி 28

செஞ்சேன் ஈரமானி அண்ணாச்சி. கீற்று 162 கிராம் இருந்தது, காஞ்சு 100 கிராமுல நின்னுட்டு. 62 சதவீதம். பெரிய துண்டு 4.86 கிலோ.

ஈரமானி | 2024 ஜனவரி 28

அப்படியானால் பெரிய துண்டின் உலர் எடை 4.86-ஐ 1.62-ஆல் வகுத்தால் 3 கிலோ. இனி அது 3.30 கிலோ காட்டும் நாளில் 10 சதவீதம், 3.36 காட்டும் நாளில் 12. இந்த இரண்டு எண்ணையும் தொழுவச் சுவரில் கரியால் எழுதிவிடுங்கள்.

சாரல்காற்று | 2024 பிப்ரவரி 3

நடுவுல ஒரு சந்தேகம். எங்களுக்கு செங்கோட்டை. இங்க மரத்துக்குப் பஞ்சமே இல்ல. ஆரியங்காவு வழியா கேரளத்து ஆஞ்சிலியும் ரப்பரும் வருது. எங்க வீட்டுக் கதவெல்லாம் திருவிதாங்கூர்க் காலத்து வேலை. ஆனா போன வருஷம் ஆனியில அடுக்கின பலா, ஆவணியில பாத்தா பூஞ்சை பூத்துக் கிடக்கு. நெல்லையில சொல்ற கணக்கு இங்க ஏன் ஒத்து வரலை?

ஈரமானி | 2024 பிப்ரவரி 3

ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலும் அது இரண்டு ஊர்க் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையடிவாரத்தில் உங்களுக்குச் சாரல். அதே காற்று மலையைத் தாண்டி, ஈரத்தை உதறிவிட்டு, கயத்தாறு பக்கம் காற்றாலையைச் சுற்றும்போது வறண்ட காற்று. நீங்கள் தை, மாசி, பங்குனியில் அடுக்கி, சாரலுக்கு முன்பே பாதி உலர்த்திவிட வேண்டும். சமவெளிக்காரருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஆனி, ஆடியில் காற்று அளவுக்கு மீறி உலர்த்தும், பலகையின் மேல்தோல் முந்திச் சுருங்கி மயிர்க்கோடாக வெடிக்கும். பொருநைக்கரை அக்கா, அந்த மாதங்களில் தென்மேற்குப் பக்கம் ஒரு ஓலைத்தட்டி கட்டிக் காற்றின் வேகத்தை உடைத்துவிடுங்கள்.

மானூர்க்காரி | 2024 பிப்ரவரி 18

தரைன்னு பேச்சு வந்ததால ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டு முன் அறையில நான் போட்டிருக்க மரத்தரை சீமைக்கருவேலம். கரி மூட்டம் போட வெட்டிக்கிட்டு இருந்த கட்டையில பெரிய தூரா நாப்பது அம்பது பொறுக்கி வாங்கினேன். வெள்ளை மஞ்சளா ஓரத்துல, உள்ள வைரம் செம்பழுப்பு. வளைஞ்சு நெளிஞ்ச கட்டை, நீளப் பலகை வராது. அதனால 9 அங்குல நீளம், 2 அங்குல அகலத்துல சின்னச் சின்னக் கட்டையா அறுத்து, வெள்ளையைச் சுத்தமாக் கழிச்சு, மீன்முள் வரிசையா பதிச்சேன்.

அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் இதுக்கு நெருங்கின சொந்தமான மெஸ்கீட் மரத்தைத் தரைக்குன்னே தேடி வாங்குறாங்க. காரணம் சுருக்கம். ரொம்பக் கம்மியாச் சுருங்கும், ரெண்டு வாக்குலயும் சுருக்கம் அதிக வித்தியாசம் இல்லாம வரும். என் தரை மூணு ஆடி, மூணு ஐப்பசி பாத்துட்டு, ஒரு கட்டை கூட எழும்பலை. நிலத்தடி நீரை உறிஞ்சுதுன்னு நாம வேரோட பிடுங்கிக் கரியாக்குற மரம் இது. பிடுங்கத்தான் வேணும். ஆனா அத்தனையையும் எரிக்கணுமா?

களக்காடன் | 2024 பிப்ரவரி 19

மானூர்க்காரி, இதை நான் யோசிச்சதே இல்ல. எங்க வயக்காட்டு வரப்புல பத்து மரம் நிக்குது, தூர் என் தொடை கனம். முள்ளுக்குப் பயந்து எந்த ஆசாரியும் தொட மாட்டாங்க. அறுவை எங்க பண்ணினீங்க?

மானூர்க்காரி | 2024 பிப்ரவரி 19

பெரிய மில்லுல எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. சின்ன பேண்ட் வாள் வச்சிருக்க பட்டறையில மணிக்கணக்குக்கு வாடகை குடுத்தேன். பட்டையை அன்னைக்கே உரிச்சிருங்க. பட்டையோட ஒரு மாசம் போட்டா வண்டு வெள்ளை பூரா மாவாக்கிரும்.

பொருநைக்கரை | 2024 ஜூலை 14

கணக்குச் சொல்ல வந்தேன். வேம்புத் துண்டு மார்ச் கடைசியில 3.96 கிலோ, அதாவது 32 சதவீதம். மே கடைசியில 3.48, 16 சதவீதம். இன்னைக்கு 3.33, 11 சதவீதம். ஓலைத்தட்டி கட்டியும் மேல் வரிசையில நாலு பலகை வெடிச்சிட்டு. மத்தது நேரா இருக்கு. ஆசாரி அண்ணாச்சி வந்து பாத்து, தட்டிப் பாத்தே ‘கண்டாமணி மாதிரி இருக்கு, நாளைக்கே இழைப்போம்’னு சொல்லுதாங்க. ஆரம்பிக்கவா?

ஈரமானி | 2024 ஜூலை 14

ஆரம்பிக்க வேண்டாம் அக்கா. இப்போது வருடத்திலேயே வறண்ட நேரம். 11-ல் இறுக்கிப் பதித்தால் ஐப்பசி மழையில் பலகை உப்பி ஒன்றையொன்று தள்ளித் தரை எழும்பும். நவம்பரில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், ஏறியிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் பதிப்பதுதான் சரி. பலகைகளை இப்போதே மச்சுக்குத் தூக்கிவிடுங்கள். எந்த அறையில் வாழப் போகிறதோ அந்த அறைக் காற்றுக்குப் பழகட்டும்.

பொருநைக்கரை | 2024 நவம்பர் 24

3.42 கிலோ. 14 சதவீதம். ஒரு சொட்டு மழை படலை, மச்சுக்குள்ளதான் இருந்தது. காத்துலயிருந்து 90 கிராம் தண்ணியைக் குடிச்சிருக்கு. ஜூலையில பதிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாத்தேன்.

உளிச்சத்தம் | 2024 நவம்பர் 25

தை கழிஞ்சு 12-க்கு வரும்போது பதிங்கக்கா. நாலு அங்குலத்துக்கு மேல அகலம் வேண்டாம். ஒரு ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்க நாக்கு, மறு ஓரத்துல அது போய் உக்கார காடி எடுக்கச் சொல்லுங்க. நாலு அங்குலப் பலகை 10-லிருந்து 14-க்குப் போனா முக்கால் மில்லிமீட்டர் போல உப்பும். ஒண்ணுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா 25 பலகைக்கு ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட வந்துரும். அதனால ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு கனம் சந்து. நாலு சுவர் ஓரமும் அரை அங்குலம் விட்டு மேல பட்டி அடிச்சு மறைச்சிருங்க. அந்த அரை அங்குலத்துல சிமெண்டை அடைச்சிறாதீங்க, நெறைய பேரு அங்கதான் கெடுக்காங்க. திருகு நாக்கு வழியாச் சாய்வா, முதல்ல ஓட்டை போட்டுட்டு. வைரத்துல நேரா ஏத்தினா பித்தளைத் தலை முறிஞ்சிரும்.

பொருநைக்கரை | 2025 பிப்ரவரி 16

பதிச்சாச்சு. 3.36 கிலோ காட்டின அன்னைக்கு ஆரம்பிச்சு ஒம்பது நாள். நடுவுல வேம்பு தேன் நிறத்துல, சுத்தி வாகை கருப்பட்டி நிறத்துல. இப்ப பூச்சு என்ன? கடையில பாலியூரித்தேன் சொல்லுதாங்க. அப்பா பிரெஞ்சு பாலிஷ் அடிக்கலாம்ங்கிறாங்க.

மானூர்க்காரி | 2025 பிப்ரவரி 16

பிரெஞ்சு பாலிஷ் தரைக்கு வேண்டாம். அவலரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சு அடிக்கிறது அது. கண்ணாடி மாதிரி மினுங்கும், பீரோவுக்கு அதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணி நின்னா வெள்ளைத் தடம், சூடான காபி தம்ளருக்கும் தடம்.

பாலியூரித்தேன் அடிச்சா அடுத்த பத்து வருஷம் மறந்துரலாம். ஆனா கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் சரி பண்ண முடியாது, முழுத் தரையையும் தேய்க்கணும். என் தரைக்கு நான் எண்ணெய்தான். டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், முதல் கோட்டுக்கு மட்டும் சரிபாதி டர்பன்டைன். உப்புத்தாள் 80, 120, 150 போதும், அதுக்கு மேல போனா எண்ணெய் இறங்காது. பூசி அரைமணி நேரத்துல மரம் குடிக்காம நிக்கிறதை ஒட்டத் துடைச்சிரணும். விட்டா பிசுபிசுன்னு நிக்கும், தூசி ஒட்டும். மூணு கோட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு நாள். கடைசியில தேன்மெழுகு. வருஷம் ஒரு கை எண்ணெய் குடுத்தா போதும், தேஞ்ச இடத்துல மட்டும் பூசினாலும் ஒட்டுத் தெரியாது.

பலகையோட அடிப்பக்கமும் ஒரு கை குடுத்துத்தானே பதிச்சீங்க? மேல மட்டும் அடைச்சு அடியைத் திறந்து விட்டா ஈரம் ஒரு பக்கமாவே ஏறி இறங்கிப் பலகை குழியும்.

பொருநைக்கரை | 2025 பிப்ரவரி 16

அடிக்கும் குடுத்தேன் தங்கச்சி. எண்ணெயே பூசிருதேன்.

செக்கடித்தெரு | 2025 பிப்ரவரி 17

பனங்கைக்கு ஒரு கை முந்திரிக்கொட்டை எண்ணெய் குடுங்கம்மா. கறுப்பா இருக்கும், கீழயிருந்து பாக்கக் குத்தமில்ல. செல் கிட்ட வராது. கையில பட்டா தோல் வெந்து கொப்புளிக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடாம யாரையும் தொட விடாதீங்க.

உளிச்சத்தம் | 2025 பிப்ரவரி 17

லின்சீட் துடைச்ச துணியைப் பத்தி யாரும் சொல்லலை, இதைக் கட்டாயம் படிங்க. அந்த எண்ணெய் காத்தோட சேந்து இறுகும்போது சூடு வரும். துணியைச் சுருட்டிப் போட்டா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம, நெருப்பு வைக்காமலே பத்திக்கிடும். ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்க பட்டறை மூலையில சாயங்காலம் சுருட்டிப் போட்ட துணி ராத்திரி பதினோரு மணிக்கு எரிஞ்சிட்டு இருந்தது. பக்கத்துல மரத்தூள் மூட்டை. அம்மா புகை வாடைக்கு முழிச்சதாலதான் வீடு மிஞ்சிச்சு. துடைச்ச துணியை ஒத்தையா விரிச்சு வெளிய கொடியில போடுங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வைங்க. மச்சுல ஒரு துணி கூட விட்டுட்டு இறங்காதீங்க.

பொருநைக்கரை | 2025 பிப்ரவரி 17

எல்லாத் துணியையும் இப்பமே வாளியில போட்டுட்டேன். நல்ல நேரத்துல சொன்னீங்க தம்பி, ரெண்டு துணி மச்சு மூலையில சுருட்டித்தான் கெடந்தது.

களக்காடன் | 2025 மார்ச் 30

என் சீமைக்கருவேலம் அறுத்து அடுக்கியாச்சு. 340 கட்டை தேறியிருக்கு. ஒரு கட்டைக்கு எடை எழுதி வச்சிருக்கேன். போன வருஷம் இங்க வித்துருங்கன்னு சொன்னவன் நான்தான். பொருநைக்கரை அக்கா, அந்தப் பேச்சைக் கேக்காம இருந்ததுக்கு நன்றி.

பொருநைக்கரை | 2025 ஜூலை 27

ஆடிக் காத்து அடிச்சுத் தள்ளுது. தரையைப் பாத்தேன். பதிச்ச அன்னைக்கு ஒரு விசிட்டிங் கார்டு நுழைஞ்ச சந்துல இப்ப ரெண்டு சேந்து நுழையுது. எதுவும் குழியலை, வெடிக்கலை. வாகை பார்டர்ல ஒரு முனையில மட்டும் பொடி மாதிரி கொட்டுச்சு. வெள்ளை கொஞ்சம் விட்டுப் போன இடம். அந்த அரை அடியை வெட்டி எடுத்துட்டு வேற துண்டு வச்சாச்சு.

மேசைப் பலகை ரெண்டு அங்குலம் 12-க்கு வந்துட்டு, அடுத்த மாசம் ஆரம்பிக்கோம். சட்டத்துல துளையை நீளவாக்குல விட்டுத்தான் திருகு ஏத்தச் சொல்லியிருக்கேன், பலகை நகர இடம் வேணும்ல. பெஞ்சுக் காலுக்கு வச்ச 4 அங்குல வாகைக் கட்டை மட்டும் இன்னும் 18-லயே நிக்குது. பெஞ்சு தைக்குத்தான்.